பள்ளிச் சொல்லும் உறவுச் சொல்லும்



நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு செய்தியைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். அஃது எனக்குப் பெருமை தரும் செய்தி அன்று. 1984-ஆம் ஆண்டில் நான் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிற்கு ஆங்கிலம் கற்பித்து வந்தேன். பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்ற முறைகளெல்லாம் நினைவில் பசுமையாக இருந்தன. கண்டிப்பும் அதற்கேற்ப மிகுதியாகவே இருந்தது. என் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து பதினாறு நாள் பள்ளிக்கு வரவில்லை. பதினேழாம் நாள் மொட்டைத் தலையுடன் வந்து நின்றான். கையில் ஆங்கிலத்தில் எழுதிய விடுப்புக் கடிதம். விடுப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது நான் வகுத்த விதி. தன் அங்கிள் இறந்துவிட்டதால் வர இயலவில்லை என்று பிழையின்றி எழுதியிருந்தான்.

நான் அக்கடிதத்தை வகுப்பறையில் உரக்கப் படித்தேன். “மாமன் இறந்தால் மூன்று நாள்; உனக்கு மட்டும் பதினாறு நாளா? பழனிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாயோ?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் ஒன்றும் கூறவில்லை. அன்று முழுவதும் அவனை வாயிலில் நிறுத்தி வைத்தேன். மாலையில் பள்ளியின் பியூன், அவனுடைய ஊர்க்காரர், என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: “சார், செத்துப்போனது அவன் பெரியப்பா. அவன் அப்பா சின்ன வயசிலேயே போயிட்டார். வளர்த்தது பெரியப்பாதான். பிள்ளை இல்லாத மனுஷன். கொள்ளி வச்சது இவன்தான் சார்.”

தந்தை வழிப் பங்காளிக்குரிய பதினாறு நாள் துக்கம் அது. அம்மாணவன் ‘பெரியப்பா’ என்று எழுதியிருந்தால், தமிழ்நாட்டில் பிறந்த எவனும் மேற்கொண்டு ஒரு வினாவும் கேட்டிருக்க மாட்டான். அவன் ஏன் ‘அங்கிள்’ என்று எழுதினான்? நான்தான் கற்பித்தேன். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தையின் கணவர், சித்தியின் கணவர் ஆகிய ஐவருக்கும் அங்கிள் என்ற ஒரே சொல் போதும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். ஆங்கிலம் எளிய மொழி என்று காட்டுவதற்காக அதை ஒரு நயமாகவும் எடுத்துரைத்திருந்தேன்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் இச்சொற்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆங்கிலப் பாட நூலின் முதற் பக்கங்களில் எக்காலத்திலும் இருப்பவை பள்ளியைப் பற்றிய சொற்களும் குடும்பத்தைப் பற்றிய சொற்களுமே. ஃபாதர், மதர், ஸ்கூல், டீச்சர், புக், பென் என்று நாம் மனனம் செய்த அச்சொற்களுள் சில, ஆங்கிலேயச் சிறுவனுக்கும் ஒரு காலத்தில் அயலாரிடமிருந்து வந்து சேர்ந்தவை என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று.

முதலில் உறவுச் சொற்களைப் பார்ப்போம். கி.பி. 1066-இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதற்கு முன் வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பர். அம்மொழியில் தந்தையின் உடன்பிறந்தானுக்கு ‘ஃபடெரா’ என்று பெயர். தாயின் உடன்பிறந்தானுக்கு ‘ஏயாம்’ என்று பெயர். தந்தையின் உடன்பிறந்தாள் ‘ஃபது’. தாயின் உடன்பிறந்தாள் ‘மோட்ரியெ’. ஆக, அக்காலத்து ஆங்கிலேயச் சிறுவன் சித்தப்பாவையும் மாமாவையும், அத்தையையும் சித்தியையும் நம்மைப் போலவே வேறு பிரித்து அழைத்தவன்தான். மூத்தவர், இளையவர் என்ற பிரிவு மட்டும் அச்சொற்களில் இல்லை.

வெற்றி கொண்ட நார்மானியர் பேசிய மொழி பிரெஞ்சு. அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பெருங்குடிகளின் வீடுகளிலும் அதுவே ஆட்சி செய்தது. இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளில் இந்நான்கு சொற்களும் ஒதுங்கின. அவற்றின் இடத்தில் ‘அங்கிள்’, ‘ஆண்ட்’ என்ற இரு பிரெஞ்சுச் சொற்கள் வந்து அமர்ந்தன. ஏயாம் என்ற சொல்லின் சாயல் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழக்கில் சில காலம் நின்றது. ஜெர்மானிய மொழியில் ‘ஓஹைம்’ என அதன் உடன்பிறப்பை இன்றும் பழைய நூல்களில் காணலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு மொழிக்கு அங்கிள் என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் அதன் மூலம் ‘அவுங்குலுஸ்’. அதன் பொருள் தாயின் உடன்பிறந்தான், அதாவது மாமா. தந்தையின் உடன்பிறந்தானுக்கு ‘பாத்ருவுஸ்’ என்று வேறு சொல் இருந்தது. அது வழக்கற்றுப் போயிற்று. ஆண்ட் என்ற சொல்லின் மூலம் ‘அமிதா’. அதன் பொருள் தந்தையின் உடன்பிறந்தாள், அதாவது அத்தை. எனவே பிறந்த காலத்தில் அங்கிள் மாமாவையும், ஆண்ட் அத்தையையும் மட்டுமே குறித்தன. பின்னர் மாமா சித்தப்பாவின் இடத்தையும், அத்தை சித்தியின் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டனர். ‘கசின்’ என்பதும் அவ்வாறே. அதன் இலத்தீன் மூலம் தாயின் உடன்பிறந்தாளுடைய மக்களைக் குறித்தது. இன்று அத்தை மகன், மாமன் மகள், பெரியப்பா மகன், சித்தி மகள் எல்லோரும் அதற்குள் அடக்கம். ஆண், பெண் என்ற வேறுபாடுகூட அச்சொல்லில் இல்லை. என்னைக் கேட்டால், ஆங்கில உறவுச் சொற்களுள் மிகவும் சோம்பலான சொல் அதுதான் என்பேன்.

இந்தப் படையெடுப்பில் அசையாமல் நின்ற சொற்களும் உள. ஃபாதர், மதர், பிரதர், சன், டாட்டர் ஆகியவை பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளைகள். சிஸ்டர் என்பதன் இன்றைய வடிவில் வட கடலைத் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியரின் குரல் ஒலிக்கிறது. ‘ஹஸ்பண்ட்’ என்பதும் அவர்கள் தந்ததே. வீடு என்று பொருள்படும் ஒரு சொல்லும், வாழ்பவன் என்று பொருள்படும் ஒரு சொல்லும் சேர்ந்து அஃது ஆயிற்று. நம் இல்வாழ்வான் என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்து வைத்தாற் போன்றது. அடுப்படியிலும் தொட்டிலிலும் பேசப்பட்ட நெருங்கிய சொற்களை வென்றவன் மொழியால் பெயர்க்க இயலவில்லை. அடுத்த வட்டத்துச் சொற்களைப் பெயர்த்துவிட்டது. ‘கிராண்ட்ஃபாதர்’ என்ற சொல்லைப் பாருங்கள். முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி ஆங்கிலம். பாட்டனார் வீட்டு வாயிற்படியில் இரண்டு மொழிகளும் சமரசம் செய்துகொண்டன போலும்.

நான்கு சொற்கள் இரண்டாகக் குறைந்தது எதனால்? ஒரு காரணத்தைச் சொல்லலாம். நம் நாட்டில் மாமன் மகள் முறைப்பெண். பெரியப்பா மகள் உடன்பிறந்தாள். இவ்வேறுபாட்டை மொழி மறந்தால் திருமணமே குழம்பிப் போகும். இடைக்கால ஐரோப்பாவிலோ, திருச்சபை இரு பக்கத்து உறவிலும் ஒன்றுபோல் மணத்தை விலக்கியிருந்தது. ஏழு தலைமுறை வரை இருந்த தடையை 1215-இல் கூடிய லாத்தரன் சங்கம் நான்காகக் குறைத்தது. அப்போதும் மாமன் மகளும் சித்தப்பன் மகளும் ஒரே தடைக்குள்தான் இருந்தனர். பயன் இல்லாத வேறுபாடு நாக்கிலிருந்து நழுவுவது இயற்கை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1540-இல் அத்தடையைத் தளர்த்தினான். ஆனால் அதற்குள் பழைய சொற்கள் போய்விட்டன. இதுவே முழுக் காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். மொழி மாற்றத்திற்கு ஒற்றைக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர்.

நம் உறவுச் சொற்களின் ஒழுங்கைக் கண்டு வியந்தவர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், தம் நாட்டுப் பழங்குடியினரான செனிக்கா மக்களின் உறவுமுறையை ஆராய்ந்து வந்தார். தந்தையின் உடன்பிறந்தானைத் தந்தை என்றே அழைக்கும் அவர்களின் வழக்கம் அவரைத் திகைக்க வைத்தது. தென்னிந்தியாவில் தொண்டாற்றிய ஸ்கட்டர் குடும்பத்தைச் சேர்ந்த சமயத் தொண்டரிடமிருந்து தமிழ் உறவுச் சொற்களைப் பெற்று ஒப்பிட்டபோது, ‘பெரியப்பா’, ‘சித்தப்பா’ என்பவற்றிற்குள்ளே ‘அப்பா’ இருப்பதை அவர் கண்டார். 1871-இல் வெளிவந்த அவருடைய பெருநூல் தமிழ் உறவுமுறைக்கு உலக அறிஞரிடையே ஓர் இடத்தைத் தேடித் தந்தது. என் மாணவனுக்கு மார்கன் தெரியாது. பெரியப்பா என்பவர் ஓர் அப்பா என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

நிற்க. பள்ளிச் சொற்களுக்கு வருவோம். ‘ஸ்கூல்’ என்பது கிரேக்கத்தில் ஓய்வு என்று பொருள்பட்ட சொல். உழைப்பிலிருந்து ஓய்வு பெற்றவன் கலந்துரையாடிக் கற்கும் இடம் என்ற வழியில் அது கல்விக்கூடம் ஆயிற்று. வீட்டுப்பாடம் சுமக்கும் மாணவர் இதைக் கேட்டுச் சிரிப்பர். ‘பியூபில்’ என்ற சொல்லின் இலத்தீன் மூலம், தந்தையை இழந்து பிறர் பாதுகாப்பில் வளரும் சிறுவனைக் குறித்தது. கண்ணின் கருமணிக்கும் ஆங்கிலத்தில் பியூபில் என்றே பெயர். சிறு பொம்மை என்பது அதன் அடிப்பொருள். எதிரில் நிற்பவரின் உருவம் அக்கருமணியில் சிறு பொம்மையாகத் தோன்றுவதால் அப்பெயர் வந்தது. தமிழிலும் பாவை என்றால் பொம்மை. கண்ணின் மணிக்கும் பாவை என்று பெயர். திருக்குறளிலும் அவ்வழக்கு உண்டு. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் கண்ணுக்குள் பார்த்து ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன.

‘ஃபேமிலி’ என்ற சொல்லின் வேரில் வேலையாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல் கிடக்கிறது. ஒரு தலைவனுக்குக் கீழ்ப்பட்ட ஏவலர் உள்ளிட்ட கூட்டமே முதலில் அச்சொல்லின் பொருள். ‘பென்’ என்பது இறகு. ‘பென்சில்’ என்பது சிறு வால், அதாவது தூரிகை. ‘சிலபஸ்’ என்ற சொல்லோ ஓர் அச்சுப் பிழையின் பிள்ளை. சிசரோவின் கடிதங்களைப் பதினைந்தாம் நூற்றாண்டில் அச்சிட்டபோது, ஏட்டுச் சுருளின் பெயர்ச் சீட்டைக் குறித்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததால் தோன்றியது அது. நாம் ஆண்டுதோறும் முடிக்க இயலாமல் திணறும் பொருளுக்குப் பெயரே பிழையில் பிறந்தது என்பதில் ஆசிரியர்களுக்குச் சிறிது ஆறுதல் உண்டு.

ஆங்கிலம் இழந்த பள்ளிச் சொற்களையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். நூல் நிலையத்திற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘போக்ஹூஸ்’ என்று பெயர். நூல், வீடு என்ற இரு சொற்களின் சேர்க்கை. நாம் நூலகம் என்கிறோம் அல்லவா, அதுவேதான். இலக்கணத்திற்கு ‘ஸ்டாஃப்கிராஃப்ட்’, எழுத்துக் கலை என்று பெயர். ஆசிரியருக்கு ‘லாரேயோ’ என்று பெயர். இவை எல்லாம் மறைந்து லைப்ரரி, கிராமர், மாஸ்டர் என்பன நிலைத்தன. சொந்தச் சொல் இருந்தும் அதை விடுத்து அயற்சொல்லை ஏற்ற மொழி தமிழ் மட்டும் அன்று.

இனி, அச்சொற்களை அக்காலத்துச் சிறுவன் எவ்வாறு கற்றான் என்று காண்போம். கி.பி. 1000-ஐ ஒட்டி இங்கிலாந்தின் மடம் ஒன்றில் ஆல்ஃப்ரிக் என்ற துறவி ஆசிரியராக இருந்தார். சிறுவர்க்கு இலத்தீன் கற்பிப்பது அவர் பணி. அவர் மூன்று நூல்கள் செய்தார். ஒன்று இலக்கணம்; இலத்தீன் இலக்கணத்தை அவர் சிறுவரின் தாய்மொழியிலேயே விளக்கினார். அக்காலத்தில் அது துணிவான செயல். மற்றொன்று சொற்பட்டியல். மூன்றாவது உரையாடல்.

அச்சொற்பட்டியல் அகர வரிசையில் அமைந்தது அன்று. கடவுளில் தொடங்கி, வானம், நிலம் என்று வந்து, மனிதன், உடலுறுப்பு, உறவினர், தொழிலாளர் என விரிந்து, பறவை, மீன், விலங்கு, மரம், வீடு என்று செல்கிறது. இதைப் படித்தவுடன் என் பாட்டனார் திண்ணையில் ஒப்பித்த சூடாமணி நிகண்டு எனக்கு நினைவு வந்தது. மண்டல புருடர் செய்த அந்நூலும் தேவப் பெயர்த் தொகுதியில் தொடங்கி மக்கட் பெயர்த் தொகுதிக்கு வந்து, பிறகே விலங்கிற்கும் மரத்திற்கும் செல்கிறது. ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிராத இரு நாட்டு ஆசிரியர்கள், சிறுவனின் நினைவில் சொற்கள் தங்க வேண்டுமானால் அவற்றை இனம் இனமாக அடுக்க வேண்டும் என்று கண்டிருக்கின்றனர்.

உரையாடல் நூல் இன்னும் சுவையானது. மாணவர்கள் ஆசிரியரை அணுகிப் பிழையின்றிப் பேசக் கற்பிக்குமாறு வேண்டுகின்றனர். பிறகு ஒவ்வொருவரும் உழவன், இடையன், வேடன், மீனவன், வணிகன் என்று வேடம் ஏற்றுத் தத்தம் தொழிலைப் பற்றி இலத்தீனில் விடை கூறுகின்றனர். குளிரிலும் விடியலில் ஏரைப் பூட்டும் உழவனின் துன்பம் அதில் வருகிறது. அடி வாங்கியாவது கற்க விரும்புகிறீர்களா என்று ஆசிரியர் கேட்கும் இடமும் உண்டு. அறியாமையைவிட அடி மேல் என்று பிள்ளைகள் விடை கூறுகின்றனர். அந்த விடையை எழுதியவர் ஆசிரியர் என்பதை நாம் மறக்கலாகாது!

அந்நூலின் கையெழுத்துப் படி ஒன்றில், இலத்தீன் வரிகளுக்கு மேலே சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருளை யாரோ எழுதி வைத்திருக்கின்றனர். இன்று உங்களுள் பலர் ஆங்கிலப் பாடநூலில் அருஞ்சொற்களின் மேலே பென்சிலால் தமிழ்ப் பொருளை எழுதிக்கொள்கிறீர்கள். நானும் செய்தேன், அதற்காக ஆசிரியரிடம் குட்டும் வாங்கினேன். நம் பென்சிலுக்கு ஆயிரம் ஆண்டுப் பரம்பரை உண்டு என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நார்மானியர் ஆட்சியில் மற்றொரு சுமையும் ஏறியது. இலத்தீனைக் கற்கும் சிறுவன் அதன் பொருளைத் தன் தாய்மொழியில் சொல்லக்கூடாது. பிரெஞ்சில் சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், வால்ட்டர் ஆஃப் பிப்ஸ்வொர்த் என்ற வீரர், ஒரு பெருமாட்டியின் பிள்ளைகளுக்காக பிரெஞ்சுச் சொற்களைச் செய்யுளில் கோத்துத் தந்தார். குழந்தை பிறப்பதில் தொடங்கி, உடலுறுப்பு, உடை, உணவு, வீடு, வயல் என்று பிள்ளையின் வாழ்க்கை வளரும் வரிசையிலேயே சொற்களும் வளர்கின்றன. கடினச் சொற்களின் அருகே ஆங்கிலப் பொருளும் தரப்பட்டுள்ளது. இன்று நம் கடைகளில் விற்கும் ஆங்கில மழலை நூல்களின் மூதாதை அது எனலாம். ஒரே வேறுபாடு, அன்று ஆங்கிலம் அயல்மொழியின் இடத்தில் இல்லை, அடியில் பொருள் சொல்லும் இடத்தில் இருந்தது.

பதினான்காம் நூற்றாண்டில் ரானுல்ஃப் ஹிக்டன் என்ற துறவி தம் உலக வரலாற்று நூலில் இதைக் குறைகூறி எழுதினார். வேறெந்த நாட்டிலும் இல்லாத வழக்கமாக, எம் நாட்டுப் பிள்ளைகள் தம் மொழியை விட்டு அயல்மொழியில் பாடம் சொல்ல வற்புறுத்தப்படுகின்றனர் என்பது அவர் முறையீடு. பின்னர் ஜான் திரெவீசா என்பவர் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இவ்விடத்திற்கு வந்ததும் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டுத் தம் சார்பில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். இக்குறை இப்போது மாறிவிட்டது என்றார். 1348, 1349-ஆம் ஆண்டுகளில் பரவிய பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு, ஜான் கார்ன்வால் என்ற பள்ளி ஆசிரியர் பிரெஞ்சை விடுத்து ஆங்கிலத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். ரிச்சர்ட் பென்கிரிச் அவரைப் பின்பற்றினார். 1385-இல் நாடெங்கும் இலக்கணப் பள்ளிகளில் ஆங்கிலமே வழங்குகிறது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். மன்னன் ஆணையால் தொடங்கியதாக அவர் கூறவில்லை. ஒரு பள்ளி ஆசிரியரைத்தான் சுட்டுகிறார்.

திரெவீசா நேர்மையானவர். நன்மை, தீமை இரண்டையும் எழுதினார். தாய்மொழியில் பொருள் சொல்வதால் பிள்ளைகள் முன்னிலும் விரைவில் இலக்கணம் கற்கின்றனர் என்பது நன்மை. பிரெஞ்சு அறவே தெரியாமற் போவதால், கடல் கடந்து வேற்று நாடு செல்லும்போது இடர்ப்படுவர் என்பது தீமை. பயிற்று மொழியைப் பற்றி நம் நாட்டில் நடந்த சொற்போர் பலவற்றை நான் கேட்டிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை இவ்விரண்டு வரிகளுக்கு அப்பால் அதிகம் செல்லவில்லை.

பிற்காலத்தில் சொற்களுக்குப் படமும் துணை வந்தது. கொமேனியஸ் என்ற செக் நாட்டு அறிஞர் 1658-இல் வெளியிட்ட படநூலில் பள்ளிக்கூடத்திற்கு ஒரு படம் உண்டு. உறவுமுறைக்கு ஒரு மரப் படம் உண்டு. அடுத்த ஆண்டே சார்ல்ஸ் ஹூல் அதை ஆங்கிலத்தில் தந்தார். படத்தில் எண்ணிட்டு, அவ்வெண்ணை எதிர்ப்பக்கத்துச் சொல்லோடு சேர்க்கும் முறை இன்றும் நம் பாடநூல்களில் வாழ்கிறது.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவு இல்லத்துப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஆங்கில எழுத்துகளையும் சொற்களையும் அப்பிள்ளைகளுக்கு விரைவாகப் பயிற்றும் வழி தெரியாமல் அவர் திகைத்திருந்தார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்து செல்லும்போது, சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். நம் திண்ணைப் பள்ளி அது. மணலெழுத்தை அவர் தம் பள்ளிக்குக் கொண்டு சென்றார். உதவி ஆசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கினர். எனவே ஏறத்தாழ எட்டு வயதுடைய மாணவன் ஒருவனையே சிறியவர்களுக்குக் கற்பிக்க அமர்த்தினார். முறை வெற்றி பெற்றது. சட்டாம்பிள்ளை வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. பெல் 1797-இல் இலண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆங்கில நாட்டு ஏழைப் பிள்ளைகள், மணல் பரப்பிய தட்டில், தமிழ்ச் சிறுவர் எழுதியது போலவே விரலால் தம் எழுத்துகளை எழுதிப் பழகினர்.

அத்திண்ணைப் பள்ளிகள் எத்தனை இருந்தன? 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்க ஆணையிட்டார். அவர் 1826-இல் எழுதிய அறிக்கையின்படி மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன. பிறகு 1835-இல் மெக்காலேயின் குறிப்பும், 1854-இல் சார்ல்ஸ் வுட்டின் ஆணையும், 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் வந்தன. இவ்வரலாறு உங்கள் பாடநூலிலேயே இருப்பதால் விரிக்கவில்லை. நிகண்டை ஒப்பித்துப் பழகிய நாவுகள் அங்கிள், ஆண்ட், நெஃபியூ, நீஸ் என்று ஒப்பிக்கத் தொடங்கின என்பதே நாம் நினைவிற் கொள்ள வேண்டியது. ஒப்பிக்கும் முறை மாறவில்லை, நிகண்டு மாறியது. நிகண்டு ஒரு பொருளுக்குப் பல சொல் தரும். புதிய பட்டியலோ பல உறவுக்கு ஒரு சொல் தந்தது.

நான் அம்மாணவனிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பின் முன் ஏசியவன் வகுப்பின் முன்தானே கேட்க வேண்டும்? கேட்டேன். அவன் தலை குனிந்தபடி, “பரவாயில்லை சார்” என்றான். அதன்பின் உறவுச் சொற்களைக் கற்பிக்கும் முறையை மாற்றினேன். முதலில் அவரவர் வீட்டு உறவுகளைத் தமிழில் எழுதச் சொல்வேன். பிறகு ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் விளக்கச் சொல்வேன். தந்தையின் தமையன், தாயின் தங்கை என்று ஆங்கிலத்தில் தொடராக எழுதினால் உறவு தெளிவாகிவிடும். ஒரு மாணவி எழுந்து, “சார், பெரியம்மாவைத் தந்தையின் தமையனின் மனைவி என்று எழுதினால், அவங்க யாரோ மாதிரி இருக்காங்களே!” என்றாள். அவளுக்கு விடை கூற எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, அடுத்து விளக்கம் தரலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

மொட்டைத் தலையுடன் வந்த அம்மாணவன் பத்தாம் வகுப்பிலும் என்னிடமே பயின்றான். அவ்வாண்டு தை மாதத்தில் மீண்டும் ஒரு விடுப்புக் கடிதம் தந்தான். தன் சிஸ்டரின் திருமணம் என்று எழுதியிருந்தான். அவனுக்கு உடன்பிறந்தாள் இல்லை என்பது எனக்கு நினைவிருந்தது. சித்தப்பா மகளாக இருக்கும் என்று எண்ணிச் சிவப்பு மையால் அச்சொல்லை அடித்துக் கசின் என்று மேலே எழுதினேன். எழுதி முடித்ததும் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, நான் எழுதியதை அடித்துவிட்டு அவனுடைய சொல்லுக்குக் கீழே இருக்கட்டும் என்று குறியிட்டு, விடுப்பு ஏற்கப்பட்டது எனக் கையொப்பம் இட்டேன்.